வேலையை விட்டு ஆசிரியராக மாறுவோருக்கு இங்கிலாந்து தரும் நிதி: ஓர் எளிய விளக்கம்

பொறியியல், மென்பொருள், வங்கி, ஆய்வகம் என ஏதோ ஒரு துறையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தபின், பள்ளி ஆசிரியராக மாறினால் என்ன என்று யோசிக்கும் தமிழர்கள் இங்கிலாந்தில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் உலவுகின்றன. கணித ஆசிரியராகப் பயிற்சி பெற அரசாங்கமே முப்பதாயிரம் பவுண்டு கொடுக்கிறது என்கிறார் ஒருவர். அது வெறும் கடன், பின்னாளில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்கிறார் இன்னொருவர். அதெல்லாம் முதல் வகுப்பில் தேறிய இளைஞர்களுக்குத்தான், நாற்பது வயதுக்காரருக்கு யார் தருவார்கள் என்று மூன்றாமவர் முடித்துவைக்கிறார். பணம் உண்டு என்பது உண்மை. மற்றவற்றில் பெரும்பகுதி, வெவ்வேறு திட்டங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதால் வந்த பிழை. இந்தக் குழப்பத்தால், தகுதியுள்ள பலர் விண்ணப்பிக்காமலேயே நின்றுவிடுகிறார்கள். வேறு சிலர் கணக்குப் போடாமல் வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதம் வருமானமின்றித் தவிக்கிறார்கள். அதனால் இதை அடியிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு முன்குறிப்பு தேவை. பிரிட்டனில் கல்வி என்பது அந்தந்த நாட்டு அரசின் பொறுப்பு. இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்தின் ஏற்பாடு. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தனி விதிகளை வைத்திருக்கின்றன.

இந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது

படிப்புக்கான உதவித்தொகை என்றதும் நமக்கு இரண்டு காரணங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று நல்ல மதிப்பெண்; மற்றொன்று குடும்பத்தின் வறுமை. பள்ளிப் பருவத்திலிருந்தே நாம் பார்த்துப் பழகிய உதவித்தொகைகள் அனைத்தும் இந்த இரண்டில் ஒன்றைச் சார்ந்தவை. இங்கிலாந்தின் ஆசிரியர் பயிற்சி நிதியை இந்தப் பழக்கத்தோடு அணுகினால் அதன் விதிகள் ஒன்றுகூடப் புரியாது. இயற்பியலுக்கு 29,000 பவுண்டு கொடுக்கும் அரசு வரலாற்றுக்கு ஏன் ஒரு பென்னியும் கொடுப்பதில்லை என்ற கேள்விக்கு மதிப்பெண்ணும் வறுமையும் விடை சொல்லாது.

அந்த நிதி ஆள் சேர்ப்பதற்கான கருவி. ஒரு பாடத்துக்கு இத்தனை ஆசிரியர்கள் தேவை என்று கல்வித் துறை ஒவ்வோர் ஆண்டும் ஓர் இலக்கைக் கணக்கிடுகிறது. அந்த எண்ணிக்கைக்கு ஆள் கிடைக்காத பாடங்களை நோக்கிப் பட்டதாரிகளை ஈர்ப்பதற்காகப் பணத்தை வைக்கிறது. பயிற்சிக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். அந்த ஓராண்டில் சம்பளம் இருக்காது, பயிற்சிக் கட்டணமும் கட்ட வேண்டும். கல்லூரியை விட்டு நேராக வரும் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு இது பழகிப்போன மாணவ வாழ்க்கையின் நீட்சி. வீட்டுக் கடனும் குழந்தைகளும் உள்ளவருக்கோ அந்த ஓராண்டு பெரிய பள்ளம். ஆகவே வயது வரம்பு ஏதுமின்றி எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்ட இந்த நிதி, நடைமுறையில் தொழில் மாறி வருவோருக்கே மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

தொகை ஏன் பாடத்துக்குப் பாடம் மாறுகிறது

கோயம்பேடு சந்தையில் தக்காளி விலையை நிர்ணயிப்பது அன்றைய வரத்து. லாரிகள் குறைவாக வந்த நாளில் விலை ஏறும். வரத்து பெருகினால் இறங்கும். தக்காளியின் சுவையோ சத்தோ முந்தைய நாளைவிடக் கூடியதாலோ குறைந்ததாலோ அந்த விலை மாறுவதில்லை. ஆசிரியர் பயிற்சி நிதியும் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது. இங்கே வரத்து என்பது அந்தப் பாடத்தில் பயிற்சிக்கு வந்து சேரும் ஆட்களின் எண்ணிக்கை.

2023-24 கல்வியாண்டின் சேர்க்கையைப் பார்த்தால் இது தெளிவாகும். அந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் அனைத்தையும் சேர்த்து, இலக்கில் பாதிப் பேர்தான் பயிற்சிக்கு வந்தார்கள். இயற்பியலில் வந்தவர்கள் இலக்கில் 17 சதவீதம். உடற்கல்வியிலோ 181 சதவீதம். வரலாற்றில் 119 சதவீதம். உடற்கல்விக்கும் வரலாற்றுக்கும் அந்த ஆண்டு நிதி கிடையாது. இயற்பியலுக்கு 27,000 பவுண்டு. இயற்பியல் படித்தவருக்குப் பொறியியல், நிதி, தரவு ஆய்வு என வெளியே கூடுதல் சம்பளத்தில் பல கதவுகள் திறந்திருக்கின்றன. அதனால் வகுப்பறைக்கு வர அவருக்குத் தனியாக ஓர் ஈர்ப்பு தேவைப்படுகிறது. வரலாறு உயர்ந்ததா இயற்பியல் உயர்ந்ததா என்ற தீர்ப்பு இதில் இல்லை.

உயிரியல் ஆசிரியர் பயிற்சிக்கு அளிக்கப்பட்ட தொகை சில ஆண்டுகளில் மாறிய விதம் இன்னும் நல்ல பாடம். 2020-21இல் 26,000 பவுண்டாக இருந்தது. கொரோனா காலத்தில் மற்ற வேலைகள் ஆட்டம் கண்டதால் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 2021-22இல் அதே உயிரியலுக்கு 7,000 பவுண்டு என்று வெட்டப்பட்டது. விண்ணப்பங்கள் மீண்டும் வற்றத் தொடங்கவே 2022-23இல் 10,000, 2023-24இல் 20,000, 2024-25இல் 25,000, 2025-26இல் 26,000 என ஏறி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஓராண்டு முன்பின் சேர்ந்த இருவர், ஒரே தகுதியோடு ஒரே படிப்பைப் படித்து, ஒருவருக்கு மற்றவரைவிட 19,000 பவுண்டு குறைவாகக் கிடைத்த நிலையும் இதனால் நேர்ந்தது. தனி மனிதருக்கு இது அநியாயமாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இந்தத் தொகை எந்த ஒருவரின் உழைப்புக்கும் மதிப்புப் போடுவதில்லை. அடுத்த செப்டம்பரில் எத்தனை பேர் தேவை என்பதற்கு மட்டுமே அது பதில்.

சந்தை உவமை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வணிகவியல் பாடத்துக்கு இலக்கில் பெரும் பற்றாக்குறை நிலவியபோதும் 2023-24இல் நிதி ஒதுக்கப்படவில்லை. பற்றாக்குறையோடு, அந்தப் பாடத்துக்கு அரசு கொடுக்கும் முன்னுரிமையும் கையிலுள்ள பட்ஜெட்டும் சேர்ந்துதான் முடிவு எடுக்கப்படுகிறது. ஆகவே "எங்கள் பாடத்துக்கும் ஆள் இல்லை, நிச்சயம் பணம் வரும்" என்று காத்திருப்பது சரியான கணக்கு ஆகாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பயிற்சி நிதி பாடத்தை வைத்துத் தரப்படுகிறது, தொகை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முடிவாகிறது, விண்ணப்பிப்பவரின் வயதும் குடும்ப வருமானமும் அதில் இடம்பெறுவதில்லை.

பர்சரி வேறு, ஸ்காலர்ஷிப் வேறு

பேச்சில் அதிகம் குழம்பும் இடம் இதுதான். இங்கிலாந்தின் ஆசிரியர் பயிற்சியில் இரண்டு நிதிகள் உண்டு. இரண்டுக்கும் பணம் கல்வித் துறையிடமிருந்தே வருகிறது. இரண்டையும் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டுக்கும் வருமான வரி இல்லை. ஆனால் ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும்.

பர்சரி என்பது, நிதி அறிவிக்கப்பட்ட பாடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, குறைந்தபட்சத் தகுதியும் உள்ள ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தொகை. இதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது, நேர்காணல் கிடையாது. பயிற்சியில் இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டால் பயிற்சி அளிக்கும் பல்கலைக்கழகமோ பள்ளிக் கூட்டமைப்போ அதை மாதந்தோறும் வழங்கும். 2025-26இல் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினியியல் ஆகிய நான்குக்கும் இது 29,000 பவுண்டு.

ஸ்காலர்ஷிப் என்பது துறைசார் அமைப்புகள் போட்டி முறையில் தேர்ந்தெடுத்துத் தருவது. இயற்பியலுக்கு இன்ஸ்டிடியூட் ஆஃப் பிசிக்ஸ், வேதியியலுக்கு ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, கணினியியலுக்கு பி.சி.எஸ். எனப்படும் கணினியாளர் பட்டய அமைப்பு, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளுக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் என ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அமைப்பு பொறுப்பேற்கிறது. கணிதத்துக்கும் இப்படியொரு திட்டம் உண்டு. இவற்றுக்குத் தனியாக விண்ணப்பம் எழுத வேண்டும். பாட அறிவையும் கற்பிக்கும் ஆர்வத்தையும் சோதிக்கும் தேர்வு முறை இருக்கும். 2025-26இல் மேற்சொன்ன நான்கு பாடங்களுக்கும் ஸ்காலர்ஷிப் தொகை 31,000 பவுண்டு.

இரண்டுக்கும் இடையே 2,000 பவுண்டுதானே வேறுபாடு, இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். தொழில் மாறி வருபவருக்கு ஸ்காலர்ஷிப்பின் உண்மையான மதிப்பு பணத்துக்கு வெளியே இருக்கிறது என்பது என் கருத்து. அதோடு துறைசார் அமைப்பின் உறுப்பினர் தகுதி, பயிற்சி நாட்கள், அதே பாடத்தை அதே ஆண்டில் கற்பிக்கப் பழகும் மற்றவர்களின் தொடர்பு ஆகியவை வருகின்றன. பதினைந்து ஆண்டு அலுவலக அனுபவத்தோடு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் முன்னால் மீண்டும் கற்றுக்குட்டியாக நிற்கப் போகிறவருக்கு, முதல் டிசம்பரைத் தாண்ட அந்தத் தொடர்பு பெரிதும் உதவும். தேர்வில் வெற்றி பெறாவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை. தகுதி இருந்தால் பர்சரி தானாகவே கிடைத்துவிடும்.

யாருக்குக் கிடைக்கும்

பயிற்சி என்று இங்கே சொல்வது பொதுவாகப் பி.ஜி.சி.ஈ. என்ற பட்ட மேற்படிப்புச் சான்றிதழையும், கியூ.டி.எஸ். என்ற தகுதிபெற்ற ஆசிரியர் அங்கீகாரத்தையும் சேர்த்துத் தரும் ஓராண்டுப் படிப்பை. இதில் சேர ஒரு பட்டமும், ஆங்கிலத்திலும் கணிதத்திலும், பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜி.சி.எஸ்.இ.யில் நான்காம் தரமோ அதற்கு இணையான தேர்ச்சியோ வேண்டும்.

பர்சரிக்கு, பட்டத்தில் குறைந்தது இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு, அதாவது 2:2, வேண்டும். முதுகலையோ முனைவர் பட்டமோ இருந்தாலும் ஏற்கப்படும். 2:2 வாங்கியவருக்கும் முதல் வகுப்பு வாங்கியவருக்கும் தொகை ஒன்றே. ஆகவே முதல் வகுப்புக்காரர்களுக்கு மட்டும்தான் என்ற பேச்சு இங்கே உடைந்துபோகிறது. ஸ்காலர்ஷிப்புக்குப் பொதுவாக 2:1, அதாவது இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவை, எதிர்பார்க்கிறார்கள். 2:2 வைத்திருந்தாலும் தொடர்புடைய துறையில் குறிப்பிடத்தக்க அனுபவம் இருந்தால் பரிசீலிக்கும் வழக்கமும் இருந்துவருகிறது. தொழில் மாறி வருவோர் இந்தக் கதவைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ பட்டம் பெற்றவர்கள், அது பிரிட்டனின் எந்த நிலைக்கு இணையானது என்பதைக் காட்டும் ஒப்பீட்டுச் சான்றை யூ.கே. எனிக் என்ற நிறுவனத்திடமிருந்து பெற வேண்டியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஆங்கிலம் அல்லது கணிதத்துக்கு இணைத்தரம் காட்ட முடியாவிட்டால், அதற்கென நடத்தப்படும் சமநிலைத் தேர்வுகளை எழுதலாம். பயிற்சி நிறுவனம் அதை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டம் எந்தப் பாடத்தில் என்பது பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. பர்சரியின் அளவு, நீங்கள் பயிற்சி பெறும் பாடத்தைப் பொறுத்தது. நீங்கள் பட்டம் பெற்ற பாடத்தைப் பொறுத்தது அல்ல. இயந்திரப் பொறியியல் படித்தவர் இயற்பியல் பயிற்சிக்குச் சேர்ந்தால் இயற்பியலுக்கான தொகையே கிடைக்கும். அவருடைய பாட அறிவு போதுமா என்று பயிற்சி நிறுவனம் மதிப்பிடும். இடைவெளி இருந்தால், பயிற்சி தொடங்குவதற்கு முன் எஸ்.கே.ஈ. என்ற பாட அறிவு மேம்பாட்டுப் படிப்பை முடிக்கும்படி நிபந்தனை விதிக்கும். அது எட்டு வாரம் முதல் இருபத்தெட்டு வாரம் வரை நீளலாம், கட்டணம் இல்லை. அண்மை ஆண்டுகளில் அதைப் படிக்கும் காலத்துக்கும் வாரம் 175 பவுண்டு தனி உதவி தரப்பட்டிருக்கிறது. எந்தெந்தப் பாடங்களுக்கு இந்தப் படிப்பு உண்டு என்ற பட்டியல் காலப்போக்கில் சுருங்கியிருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், கணினியியல், மொழிகள் ஆகியவை அதில் முக்கியமானவை. பொறியாளர்களை இயற்பியல் ஆசிரியர்களாக்குவதற்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட பயிற்சி 2022இல் தொடங்கப்பட்டது. கல்லூரி விட்டு இருபதாண்டு கழித்து மின்காந்தவியலைத் திரும்பப் படிக்க வேண்டுமே என்று தயங்கும் பொறியாளர்களை மனத்தில் வைத்து உருவான வழி அது.

குடியுரிமை சார்ந்த நிபந்தனையும் உண்டு. பிரிட்டிஷ் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களும் நிதி உள்ள எந்தப் பாடத்துக்கும் தகுதி பெறுவர். தற்காலிக விசாவில் இருப்போருக்கு, அண்மை ஆண்டுகளின் விதிப்படி, இயற்பியலும் மொழிகளும் மட்டுமே திறந்திருந்தன. விசாவிலுள்ள மென்பொருளாளர் கணினியியலை நினைத்துத் திட்டமிடுவதற்கு முன் அந்தந்த ஆண்டின் விதியைக் கல்வித் துறையின் அறிவிப்பில் நேரடியாகப் பார்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் பி.எட். முடித்து ஏற்கெனவே வகுப்பறையில் பணியாற்றியவர் இந்தக் கட்டுரையின் வழியில் செல்ல வேண்டியதே இல்லாமல் போகலாம். 2023 முதல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் தகுதி பெற்று, கணிதம், அறிவியல் அல்லது மொழிகளைக் கற்பித்த அனுபவமுள்ள ஆசிரியர்கள், மறுபடியும் பயிற்சி பெறாமலேயே கியூ.டி.எஸ். அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் வழி திறக்கப்பட்டிருக்கிறது. பர்சரி என்பது ஆசிரியராக இன்னும் தகுதி பெறாதவர்களுக்கு உரியது.

சுருக்கமாக: பர்சரிக்கு 2:2 அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம், பயிற்சியில் ஓர் இடம், உரிய குடியிருப்பு நிலை ஆகிய மூன்றும் போதும். ஸ்காலர்ஷிப்புக்கு இவற்றோடு தேர்வில் வெற்றியும் வேண்டும்.

கையில் உண்மையில் எவ்வளவு வரும்

விளம்பரங்களில் கண்ணில் படும் எண் 29,000. குடும்பம் நடத்துபவருக்குத் தேவையான எண் வேறு. அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் கட்டணம். 2025-26இல் பயிற்சிக் கட்டணம் பொதுவாக 9,535 பவுண்டு வரை. கையிலிருந்து கட்டினால் பர்சரியில் மிஞ்சுவது ஏறத்தாழ 19,500. ஆனால் குடியிருப்பு விதிக்கு உட்பட்டவர்கள், முன்பே ஒரு பட்டம் வைத்திருந்தாலும், இந்தப் பயிற்சிக்காகக் கட்டணக் கடன் பெற முடியும். அதோடு வாழ்க்கைச் செலவுக்கான கடனும் உண்டு. கடன் என்று மக்கள் பேசிக்கொள்வது இந்த இரண்டைத்தான்; பர்சரி கடனாகாது. மாணவர் கடனின் தவணை, சம்பளம் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பின்னரே பிடிக்கப்படும். குழந்தைகள் உள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பெற்றோர் கற்றல் படி, குழந்தைப் பராமரிப்பு மானியம் என்று தனி உதவிகளும் இருக்கின்றன. இவையும் வாழ்க்கைச் செலவுக் கடனின் அளவும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தவை.

அடுத்து வரி. பர்சரிக்கு வருமான வரியும் இல்லை, தேசியக் காப்பீட்டுப் பிடித்தமும் இல்லை. 2025 செப்டம்பர் முதல் லண்டனுக்கு வெளியே புதிய ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 32,916 பவுண்டு. அதில் வரி, காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் போகக் கையில் கிடைப்பது தோராயமாக 25,000. கட்டணத்தைக் கடனில் செலுத்தியவருக்குப் பயிற்சி ஆண்டில் 29,000 முழுதாகக் கையில் வந்திருக்கும். ஆகவே முதல் ஆண்டு ஆசிரியராகும்போது கைக்கு வரும் பணம் குறையும் என்ற விசித்திரமான நிலை உண்மையிலேயே நேர்கிறது. பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. அந்த ஆண்டில் ஓய்வூதிய உரிமை சேரத் தொடங்குகிறது என்பதையும் சம்பளம் ஆண்டுதோறும் படியேறும் என்பதையும் எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். ஆண்டுக்கு 48,000 பவுண்டு சம்பளம் வாங்கும் மென்பொருளாளர் ஒருவர் கணிதப் பயிற்சிக்கு வருகிறார் என்று கொள்வோம். வரியும் காப்பீடும் போக அவர் கையில் இப்போது வருவது, ஓய்வூதியப் பிடித்தத்தைக் கணக்கில் எடுக்காமல், சுமார் 38,000. பயிற்சி ஆண்டில் கட்டணத்தைக் கடனாக்கினால் 29,000. அந்த ஆண்டுக்கான பள்ளம் ஏறத்தாழ 9,000 பவுண்டு. அதற்கு அடுத்த ஆண்டு ஆசிரியர் சம்பளத்தில் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. பயிற்சி ஆண்டை மட்டும் சேமிப்பால் நிரப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இந்த இரண்டாம் ஆண்டில்தான்.

மூன்றாவது, பணம் வரும் நாள். பர்சரி பொதுவாக அக்டோபர் முதல் ஜூலை வரை பத்துச் சம தவணைகளாக வருகிறது. 29,000 என்றால் மாதம் 2,900. பயிற்சியோ செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். ஆகஸ்ட் இறுதியில் பழைய வேலையை விட்டவருக்குக் கடைசிச் சம்பளத்துக்கும் முதல் தவணைக்கும் நடுவே செப்டம்பர் முழுவதும் ஒன்றும் வராது. அடுத்த கோடையில் இதே நிலை மறுபடியும் வருகிறது. ஜூலைத் தவணையோடு பர்சரி முடிந்துவிடும். செப்டம்பரில் ஆசிரியராகச் சேர்பவருக்கு முதல் சம்பளம் செப்டம்பர் இறுதியில். ஆண்டுக் கணக்கில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் மாதக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. வீட்டு வாடகையும் தவணையும் மாதக் கணக்கில்தானே போகின்றன.

ஒரு சிறு ஆறுதலும் உண்டு. பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வாங்கிய சம்பளத்தில், ஆண்டு முழுதும் அதே சம்பளம் வரும் என்ற அனுமானத்தில் வரி பிடிக்கப்பட்டிருக்கும். அதன்பின் வரிக்குரிய வருமானம் இல்லாததால், கூடுதலாகப் பிடித்த வரியை வருமான வரித் துறையிடமிருந்து திரும்பப் பெறலாம். செப்டம்பர் ஓட்டையை அடைக்க இது ஓரளவு பயன்படும்.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துச்செல்ல வேண்டியது: கட்டணத்தை எப்படிச் செலுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பர்சரியின் உண்மையான மதிப்பு அமைகிறது, பயிற்சி ஆண்டோடு அதற்கு அடுத்த ஆண்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

பணம் வாங்கினால் கட்டாயம் கற்பிக்க வேண்டுமா

இங்கிலாந்தில் வேண்டியதில்லை. பயிற்சியைப் பாதியில் விட்டால் அத்தோடு தவணைகள் நின்றுவிடும். முடித்தபின் இத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் பர்சரியோடு வருவதில்லை. இது பலருக்கும் வியப்பாக இருக்கும், ஏனெனில் பிற நாடுகள் இதே நோக்கத்துக்கு வேறு வழியை எடுத்திருக்கின்றன.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் ராபர்ட் நாய்ஸ் ஸ்காலர்ஷிப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்டெல் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான நாய்ஸின் பெயரால், 2002இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் வந்த இந்தத் திட்டம், அறிவியல், பொறியியல் துறைகளில் பணியாற்றியவர்கள் பள்ளி ஆசிரியராக மாறுவதற்கும் நிதி தருகிறது. ஆனால் ஆசிரியர் தேவை மிகுந்த பள்ளி மாவட்டங்களில் குறிப்பிட்ட ஆண்டுகள் கற்பிப்பேன் என்று கையெழுத்திட வேண்டும். அதே நாட்டின் டீச் கிராண்ட் என்ற மானியத்தில், படிப்பை முடித்த எட்டு ஆண்டுக்குள் நான்கு ஆண்டுகள் தேவை மிகுந்த பாடத்தைக் குறைந்த வருமானத்தோர் பயிலும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும். தவறினால் மானியம் வட்டியோடு கடனாக மாறிவிடும். "பிறகு பிடித்துக்கொள்வார்கள்" என்ற பேச்சு அமெரிக்கத் திட்டங்களைப் பற்றியதென்றால் அதில் நியாயம் உண்டு.

இங்கிலாந்து கட்டிப்போடுவதற்குப் பதில், தங்கியவருக்குத் தனியாகக் கொடுக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், கணினியியல் ஆசிரியர்கள் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளில் பணியாற்றினால், முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரை ஊக்கத்தொகை கிடைக்கும். வரி போகக் கையில் வரும் தொகை இது. மேலே சொன்ன இரண்டாம் ஆண்டுப் பள்ளத்தை நிரப்ப, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கணக்கில் கொள்ளலாம்.

முன்கூட்டியே மொத்தமாகக் கொடுப்பது வீண், தங்குபவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று வாதிடுவோர் உண்டு. பொதுப் பணம் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆயினும் நாற்பது வயதில் துறை மாறுகிறவரின் இடத்தில் நின்று பார்த்தால், மூன்றாம் ஆண்டில் வரப்போகும் ஊக்கத்தொகையைக் காட்டி இந்த அக்டோபர் மாத வீட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாது. முதல் ஆண்டிலேயே கையில் வரும் பணம்தான் அவரை வாசல் தாண்டச் செய்கிறது. முன்பணத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முடிவும், இளம் பட்டதாரிகளைவிடக் குடும்பஸ்தர்களையே முதலில் வெளியே நிறுத்தும் என்று நான் நம்புகிறேன். ஸ்காட்லாந்து இதை உணர்ந்தே செய்தது எனலாம். 2018இல் அங்கே அறிவியல், தொழில்நுட்பம், கணிதம் சார்ந்த பாடங்களில் ஆசிரியப் பயிற்சிக்கு வரும் தொழில் மாறுவோருக்கென்றே 20,000 பவுண்டு பர்சரி அறிமுகமானது.

சம்பளத்தோடு பயிற்சி பெறும் வழி

பள்ளியிலேயே ஊழியராகச் சேர்ந்து, தகுதி பெறாத ஆசிரியருக்குரிய சம்பளம் வாங்கிக்கொண்டே பயிற்சி பெறும் பாதைகளும் உண்டு. பட்டதாரி ஆசிரியர் அப்ரண்டிஸ் பயிற்சி அவற்றில் ஒன்று. டீச் ஃபர்ஸ்ட் அமைப்பின் பயிற்சி இன்னொன்று. இவற்றில் சேர்வோருக்குப் பர்சரியும் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. மாதச் சம்பளம் தவறாமல் வருவதும் ஓய்வூதிய உரிமை முதல் நாளே தொடங்குவதும் இவற்றின் நன்மைகள். பாடவேளைச் சுமை தொடக்கத்திலேயே அதிகம் என்பது மறுபக்கம். நிதி அதிகமுள்ள பாடமென்றால் பர்சரி வழியும், நிதி இல்லாத பாடமென்றால் சம்பள வழியும் பொதுவாகக் கட்டுப்படியாகும்.

நவ் டீச் என்ற தொண்டு அமைப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையில் நெடுங்காலம் எழுதிவந்த லூசி கெல்லவே, கேட்டி வால்ட்கிரேவுடன் சேர்ந்து, வேறு துறைகளில் நீண்ட அனுபவம் பெற்றோரை வகுப்பறைக்குக் கொண்டுவருவதற்காக 2016இல் அதைத் தொடங்கினார். கெல்லவே தாமும் பத்திரிகைப் பணியை விட்டு, ஐம்பது வயதைக் கடந்தபின் லண்டன் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். வயதைக் காட்டித் தயங்குவோருக்கு இதைவிட நேரடியான பதில் தேவையில்லை.

எந்த வரிசையில் செய்வது

அடுத்த செப்டம்பர் பயிற்சிக்கான விண்ணப்பங்கள் பொதுவாக முந்தைய ஆண்டின் அக்டோபரில் திறக்கின்றன. அந்தப் பருவத்தை ஒட்டியே வரும் ஆண்டின் பர்சரித் தொகைகளும் அறிவிக்கப்படுகின்றன. சென்ற ஆண்டுப் பட்டியலை வைத்து முடிவெடுத்துவிடாமல், அந்த அறிவிப்பைப் பார்த்த பின்பே பாடத்தை உறுதிசெய்ய வேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் எனிக் சான்றுக்கு அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடலாம். ஓரிரு நாட்கள் ஒரு பள்ளியில் வகுப்புகளை உடனிருந்து பார்க்க அனுமதி கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான் பொருத்தம்; நேர்காணலில் அந்த அனுபவத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் பயிற்சி விண்ணப்பத்தோடு சேர்த்தே நகர்த்துங்கள். இடங்களின் எண்ணிக்கை வரையறைக்கு உட்பட்டது. கோடை வரை தள்ளிப்போட்டால் வாய்ப்பு குறையும். பயிற்சி நிறுவனத்திடமிருந்து இடம் கிடைத்ததாக வரும் முதல் கடிதம் பெரும்பாலும் நிபந்தனைகளோடு வரும்: சான்றிதழ் சரிபார்ப்பு, குற்றப் பின்னணிச் சோதனை, உடல்தகுதி, தேவைப்பட்டால் எஸ்.கே.ஈ. படிப்பு. எஸ்.கே.ஈ. படிப்பு இருபத்தெட்டு வாரம் என்றால் பிப்ரவரி, மார்ச்சுக்குள் அதைத் தொடங்க வேண்டியிருக்கும். வேலையோடு சேர்த்து இணையவழியில் படிக்கும் வசதியையும் கேட்டுப் பெறலாம். இந்த நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறி, பர்சரிக்கோ ஸ்காலர்ஷிப்புக்கோ தகுதி உண்டு என்று பயிற்சி நிறுவனம் எழுத்தில் உறுதிசெய்த பிறகு, உங்கள் ஒப்பந்தத்திலுள்ள முன்னறிவிப்புக் காலத்தைக் கணக்கிட்டு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.